விரல் படாத விளக்குகள்

டைல்ஸ்காரரின் வரவேற்பறையில் நாற்காலிகளுக்குப் பஞ்சமில்லை. உட்கார முடிந்த நாற்காலிக்குத்தான் பஞ்சம். மாமியார் ஒன்றில் உட்கார்ந்து வழுக்கினார், இன்னொன்றில் உட்கார்ந்து புதைந்தார், கடைசியில் மாடிப்படியின் முதல் படியில் போய் அமர்ந்துகொண்டார்.

"இத்தனை காசை வெச்சுக்கிட்டு முதுகுக்கு ஒரு வழி பண்ணத் தெரியல பாரு," என்றார் மருமகளிடம். குரலைத் தாழ்த்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

துப்பறிவது மருமகள். உதவியாளர் மாமியார். முதல் முறை கேட்கிறவர்கள், மாற்றிச் சொல்லிவிட்டார்களோ என்று இன்னொரு முறை கேட்பார்கள். மருமகள் காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் வேலையில் இருந்து, ஒரு நாள் மேலதிகாரியின் பொய்யையே பிடித்துவிட்டு வெளியே வந்தவள். சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்து, துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினாள். வீட்டில் தனியாக உட்கார்ந்து டி.வி. தொடர் பார்ப்பதைவிட ஊரார் வீட்டுத் தொடரை நேரில் போய்ப் பார்ப்பது மேல் என்று மாமியாரும் கைப்பையோடு கிளம்பிவிட்டார்.

இன்றைய தொடர் இது. டைல்ஸ் ஷோரூம் முதலாளி தன் புது வீட்டின் முகப்பு முழுக்க எல்.இ.டி. பட்டைகளை ஒட்டியிருந்தார். ஜன்னல் விளிம்பு, பால்கனிக் கைப்பிடி, கூரையின் ஓரம் என்று ஒரு இடம் பாக்கியில்லை. எல்லாம் வைஃபையில் ஓடுபவை. செல்போனில் விரலை வைத்தால் சுவரில் நிறம் மாறும். போன சனிக்கிழமை மாலை அதைக் காட்டுவதற்கென்றே விருந்து வைத்தார். விருந்தாளிகள் தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். தெருவிலும் கூட்டம். வீடு அரை மணி நேரம் ஆடி ஓய்ந்தபோது, கீழ்த்தளத்தில் அவர் மனைவியின் அலமாரியிலிருந்த வைர நெக்லஸ் காணாமல் போயிருந்தது.

அந்த அரை மணி நேரம் கீழ்த்தளத்தில் இருந்தவள் அவருடைய தங்கை ஒருத்திதான். விவாகரத்துக்குப் பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அவளுக்குத் தலைவலி என்று விருந்தாளிகளிடம் சொல்லப்பட்டிருந்தது. தலைவலி அவளுக்கு இல்லை. அவள் கண்ணில் பட்டால் அண்ணிக்கு வருவது.

ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் வருவார். தங்கை திருடி என்று புகார் கொடுக்கப்படும். அதோடு அவள் இந்த வீட்டைவிட்டு, முடிந்தால் இந்தக் குடும்பத்தின் நினைவைவிட்டும், வெளியேற்றப்படுவாள். கூடப் பிறந்தவள் மேலேயா புகார் என்று சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால் காட்டுவதற்கு, வெளியாள் ஒருவர் கையெழுத்துப் போட்ட அறிக்கை டைல்ஸ்காரருக்குத் தேவைப்பட்டது. சின்ன நிலையமாகப் பார்த்துத்தான் பிடித்திருந்தார். சின்ன ஆட்கள் சொன்னதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள் என்பது அவர் கணக்கு.

"திருட்டு நடந்தப்போ நான் மாடியில இருந்தேன் மேடம்," என்றார் அவர். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோன்ற கனத்த குரல், மேடைகளுக்கென்று வளர்த்தது. "எல்லாரும் புரோகிராம் போட்டுட்டு சும்மா உட்கார்ந்திருப்பாங்க. நான் அப்படி இல்ல. ஒவ்வொரு கலரும் என் விரல் சொன்னது." அந்த விரலைத் தூக்கியும் காட்டினார். மாமியார் அதைச் சொத்தை வெண்டைக்காயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

மருமகள் அந்த மனிதரின் மனைவியிடம் திரும்பினாள். அந்த அம்மாள் தான் முழு நேரமும் மாடி அறையில் கணவர் பக்கத்திலேயே நின்றதாகவும், வைத்த கண் வாங்காமல் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். கணவர் தலையாட்டினார். ஆட்டுவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. மருமகள் அதைக் குறித்துக்கொண்டாள். என்ன செய்வது என்று தெரியாமல் மனதின் ஓரத்தில் போட்டுவைத்தாள்.

மாமியார் குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஃபில்டர் ரிப்பேர் என்று பதில் வந்தது. வாசல் ஓரத்தில் பளபளவென்று ஒரு நீலச் சூட்கேஸ் நின்றது. விலைச்சீட்டு ஒட்டிய அடையாளம்கூடப் போகவில்லை. யாருடையது என்று கேட்டதற்கு, நாத்தனாருக்காகத் தான் வாங்கியது என்றும், பழைய பையோடு அனுப்பினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றும் அந்த அம்மாள் விளக்கினார்.

படியேறும்போது மாமியார் முணுமுணுத்தார்.

"தண்ணி கொடுக்க மனசு வராத கை, பெட்டி கொடுக்குது. இந்தத் தொடர் ரொம்ப மட்டமான தொடர்மா."

"அத்தை, கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு வாங்க."

"வந்ததிலிருந்து வாய் காஞ்சு போயிதான் இருக்கு. மூடினா ஒட்டிக்கும்."

விளக்குகளை ஆட்டிவைக்கும் அறை மொட்டை மாடிக்குப் பக்கத்தில் இருந்தது. தங்கையின் வேலை அறையும் அதுதான். கடைகளின் காட்சிக் கண்ணாடிகளுக்கும் கேக் கடைகளின் பெயர்ப்பலகைகளுக்கும் ஒளி அசைவுகள் எழுதிக் கொடுத்துச் சம்பாதிக்கிறவள் அவள். மேசையில் ஈயப்பற்று வைக்கும் கருவி, அறுந்த கம்பிகள், விளக்குகளுக்கு உத்தரவு கொடுக்கும், தீப்பெட்டி அளவிலான ஒரு கம்ப்யூட்டர் போர்டு. அந்தப் போர்டிலிருந்து கிளம்பிய ஒரு கம்பி உத்தரத்தை ஒட்டிய பட்டைக்குப் போய், அங்கிருந்து ஜன்னல் வழியாக வீட்டின் முகப்புக்கு இறங்கியது. பகலிலும் யாரோ அணைக்க மறந்திருந்தார்கள். வெள்ளைச் சுவரில் மங்கலான நிறங்கள் நகர்ந்தன, மீன் தொட்டிக்குள் உட்கார்ந்திருப்பதுபோல.

தங்கை அழவில்லை. அழுது முடித்தவர்களின் வறட்சி முகத்தில் இருந்தது. அன்றைக்கு அண்ணன் இந்த அறையில் இருந்திருக்கவே தேவையில்லை என்றாள். விளக்குகள் தாமாகவே ஓடின; அவளே எழுதிய புரோகிராம். யாரோ கையால் செய்வதுபோலத் தெரிய வேண்டும் என்று அண்ணன்தான் கெஞ்சிக் கேட்டார். அதனால் எந்த ஒழுங்கிலும் அடங்காமல், எந்த ஜன்னலில் எந்த நிறம் எப்போது என்பதைப் போர்டே குருட்டாம்போக்கில் எடுக்கும்படி செய்தாள். நடுநடுவே விரல் தயங்குவதுபோன்ற சின்ன நிறுத்தங்களைக்கூடச் சேர்த்தாள்.

"என் கெட்ட நேரம், நல்லா எழுதிட்டேன்," என்றாள்.

அண்ணனிடம் இதைச் சொன்னாயா என்று மருமகள் கேட்டாள். சொன்னேன், என் முகத்துக்கு நேரே பொய் என்றார் என்றாள். எதிர்வீட்டுப் பல் டாக்டர் தெருவில் நின்று முழுக்க வீடியோ எடுத்திருந்தார். அதில் ஓர் அசைவுகூட இன்னொரு முறை வரவில்லை, புரோகிராமாக இருந்தால் திரும்பத் திரும்ப வந்திருக்குமே என்பது அண்ணனின் வாதம். அவள் மேசையிலிருந்த போர்டைச் சுட்டிக்காட்டினாள்.

"போர்டுல எந்தப் பதிவும் இருக்காது. இது ரேண்டம். ஒரு தடவை வந்தது மறுபடி வராது. நிரூபிக்க வழியே இல்ல."

மருமகள் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். அவளிடம் இருந்த ஒரே நூல் அது. அதுவும் அறுந்த நூல்.

மாமியார் இதில் எதையும் கேட்காமல் தன் செல்போனில் பல் டாக்டரின் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அதையேதான் பார்க்கிறார். விளக்குகளுக்காக இல்லை. வீடியோவில் கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவன் கீச்சுக் குரலில் தொணதொணத்துக்கொண்டே இருந்தான். அழகா இருக்கில்ல, யார் வீடு தெரியுமா, அவரே கையால பண்றாராம் என்று போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தான். இப்படி ஒரு ஒட்டுண்ணி எல்லாக் கூட்டத்திலும் இருக்கும் என்று மாமியார் சொல்லிச் சொல்லி ரசித்தார். ரசித்ததில் போனில் சார்ஜ் தீர்ந்தது.

சுவரில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் ஏற்கெனவே சொருகியிருந்ததைப் பிடுங்கிவிட்டுத் தன் சார்ஜரைச் சொருகினார்.

உத்தரத்து விளக்குகள் அணையவில்லை. பாதி ஆரஞ்சும் பாதி ஊதாவுமாக அப்படியே உறைந்து நின்றன.

"என்னடி இது, மூச்சடைச்ச மாதிரி நிக்குது?"

தங்கைக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. மாமியார் பிடுங்கியது போர்டின் இணைப்பை. பட்டைகளுக்குத் தனி கரண்ட். பட்டைக்குச் சொந்த மூளை கிடையாது, கடைசியாக என்ன நிறம் சொன்னார்களோ அதிலேயே நிற்கும், அடுத்தது சொல்ல ஆள் வருகிறவரை என்றாள்.

"உங்க அண்ணன் மாதிரி," என்றார் மாமியார். போனுக்குக் கொஞ்சம் உயிர் வந்ததும் சார்ஜரைப் பிடுங்கி, போர்டைத் திரும்பச் சொருகிவிட்டு, விட்ட வீடியோவை முதலிலிருந்து வைத்தார்.

போர்டு விழித்தது. உத்தரம் ஒரு கணம் இருண்டு, பிறகு இடது மூலையில் பச்சை. அதை ஒட்டி ஊதா. ஒரு தயக்கம். வலது பக்கம் முழுக்க ஆரஞ்சு.

மாமியார் போனைப் பார்த்தார். உத்தரத்தைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். வீடியோவில் வீடு ஒரு மூச்சு பின்னால் வந்துகொண்டிருந்தது: இடது ஜன்னல் பச்சை, ஊதா, தயக்கம், ஆரஞ்சு.

"ஏம்மா," என்றார். "மறுபடி வராதுன்னுதானே இந்தப் பொண்ணு சொன்னா?"

மருமகள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். மூன்று பேரும் ஒரே போனின் மேல் குனிந்தார்கள். அடுத்தது, அதற்கடுத்தது, நிறங்கள் ஒன்று விடாமல் பொருந்தி வந்தன. தங்கை இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இயந்திரத்துக்கு உண்மையான குருட்டாம்போக்கு தெரியாது என்று அவள் பிறகு விளக்கினாள். கலைத்து வைத்த ஒரு சீட்டுக்கட்டிலிருந்து வரிசையாக எடுத்துப் போடுவதுதான் அதற்குத் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் கட்டை வேறு மாதிரி கலைக்க வேண்டுமானால் ஆரம்பத்தில் ஒரு புது எண்ணைக் கொடுக்க வேண்டும். அந்த ஒற்றை வரியை எழுத மறந்திருந்தாள். கொடுக்காவிட்டால், மின்சாரம் வந்ததும் முதல் சீட்டிலிருந்து அதே கட்டுதான்.

"இதைக்கூடவா மறப்பாங்க?" என்றாள் மருமகள்.

"இந்த வேலையில எல்லாரும் மறக்கிறதுதான். ஓடிட்டு இருக்கும்போது வித்தியாசமே தெரியாது. நிறுத்திட்டு முதல்ல இருந்து ரெண்டாவது தடவை யாரு பார்க்கப் போறாங்க?"

"தொடர் பார்க்கிறவளுக்கு மறு ஒளிபரப்பு தெரியாதாக்கும்," என்றார் மாமியார். அன்றைக்கு முதல் முறையாக அவர் முகத்தில் இகழ்ச்சி இல்லை.

வெயில் இறங்கிவிட்டது. மருமகள் கணவனையும் மனைவியையும் முன்தோட்டத்துக்கு அழைத்தாள். அறிக்கை தயார், ஒரு சின்ன விவரம் மட்டும் சரிபார்க்க வேண்டும் என்றாள். தங்கை போர்டையும் பட்டைகளின் கரண்டையும் அணைத்துவிட்டு மேலே ஜன்னலில் நின்றாள். சாம்பல் நிற அந்தியில் வீடு விளக்கில்லாமல் கொஞ்சம் கண்ணியமாகக்கூட இருந்தது.

முதலில் மனைவியிடம் கேட்டாள். சொன்னதையே இன்னொரு முறை சொல்ல முடியுமா? அந்த அம்மாள் இந்த முறை அலங்காரம் சேர்த்தார்: பச்சைக்கு அவர் விரல் இப்படி வளையும், ஊதாவுக்கு இப்படி இழுக்கும், ஒரு நிமிஷம்கூட நான் நகரவில்லை.

அடுத்து கணவரிடம். அன்றைக்குச் செய்ததை அப்படியே இன்னொரு முறை செய்ய முடியுமா?

"அது எப்படி மேடம் முடியும்? அந்த நேரத்து மனசு. ஒரு தடவை வந்தது வந்ததுதான். எனக்கே மறுபடி வராது."

"நல்லது. உங்க போனை அத்தைகிட்ட கொடுங்க."

அவர் கொடுத்தார். மாமியார் அதைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மருமகள் ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தாள். மாமியார் தன் போனில் பல் டாக்டரின் வீடியோவைப் போட்டு, சத்தத்தை அணைத்து, வீட்டை நோக்கிப் பிடித்தார். பிறகு வானிலை அறிக்கை வாசிப்பவர்போல ஆரம்பித்தார்.

"இப்போ இடது ஜன்னல் பச்சை. பக்கத்துல ஊதா. இப்போ கொஞ்சம் யோசிப்பாரு… யோசிச்சாச்சு. வலது பக்கம் ஆரஞ்சு. பால்கனியில நீலம் ஓடும், பாதியில மனசு மாறித் திரும்பி வரும். வந்துடுச்சா? இப்போ கூரையில மட்டும் சிவப்பு. தம்பி, உங்க விரல் உங்க கையிலதானே இருக்கு?"

வீடு அவர் சொல்லச் சொல்லக் கேட்டது. டைல்ஸ்காரர் தன் கையைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார். வளர்த்த குரல் வரவில்லை. அதற்குக் கீழே இத்தனை காலம் ஒளித்துவைத்திருந்த மெல்லிய கீச்சுக் குரல் வந்தது.

"இது ஏதோ தப்பு நடந்திருக்கு. நான்தான் கையால பண்ணினேன்."

மாமியார் அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெதுவாக வீடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

அழகா இருக்கில்ல? யார் வீடு தெரியுமா? அவரே கையால பண்றாராம்.

வீடு தன் பாட்டுக்கு நிறம் மாறிக்கொண்டிருந்தது.

"அந்த ஒட்டுண்ணி நீங்கதானா?" என்றார் மாமியார். கேலி செய்யக்கூட அவருக்கு மனம் வரவில்லை.

டைல்ஸ்காரர் ஒப்புக்கொண்டார். சுவிட்சைப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகத் தெருவுக்குப் போனார். தொப்பி ஒன்றை இழுத்துவிட்டுக்கொண்டு, முன்பின் தெரியாத ஜனங்களுக்கு நடுவே இருட்டில் நின்று, தன்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். யாரும் எதுவும் சொல்லாததால் தானே ஆரம்பித்துவைத்தார்.

மருமகளுக்கு ஓரத்தில் போட்டுவைத்திருந்த அந்தச் சின்ன இடைவெளி இப்போது கைக்கு வந்தது. அவள் அவரை விட்டுவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினாள்.

"அவர் தெருவுல நின்னாரு. அப்போ நீங்க அரை மணி நேரமா யாரோட விரலைப் பார்த்துட்டு இருந்தீங்க?"

மருமகள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே போய் நீலச் சூட்கேஸைக் கொண்டுவந்து புல்தரையில் திறந்துபோட்டாள். புதுப் பெட்டி. ஆனால் உள்துணியின் ஓர் ஓரம் மட்டும் கையால் தைக்கப்பட்டிருந்தது, வேறு நிற நூலில். மாமியார் கைப்பையிலிருந்து சின்னக் கத்திரிக்கோலை எடுத்து நூலை வெட்டினார். நெக்லஸ் அவர் மடியில் விழுந்தது. அதற்குள்ளும் பச்சையும் ஊதாவும் ஓடின. ஆறு மணிக்கு வாசலில், இன்ஸ்பெக்டருக்கு முன்னால், நாத்தனாரின் கையிலிருந்து விழுந்திருக்க வேண்டியது.

"அவ இந்த வீட்டைவிட்டுப் போகணும்னு நினைச்சேன்," என்றார் அந்த அம்மாள். வெட்கம் எதுவும் இல்லை, கணவரை ஏறிட்டுப் பார்த்தார். "நான் பக்கத்துல இருந்தேன்னு சொன்னா இவர் மறுக்க மாட்டார்னு தெரியும். மறுத்தா, விளக்கு தானா ஓடுச்சுன்னு ஒத்துக்கணுமே."

இன்னொருவரைத் துல்லியமாக அறிந்திருப்பதற்கு அன்பு தேவையில்லை என்று மருமகள் நினைத்துக்கொண்டாள்.

"உங்க மனைவி சொன்னது பொய்னு உங்களுக்கு முதல் நாளே தெரியும்," என்றாள் டைல்ஸ்காரரிடம். "உங்க தங்கச்சி சொன்னது நிஜம்னும் தெரியும்."

அவர் மறுக்கவில்லை. புல்லைப் பார்த்தார், சூட்கேஸைப் பார்த்தார், பிறகு மருமகளுக்கு அருகில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மேடம், நெக்லஸ் விஷயத்தை எப்படி வேணா எழுதிக்கோங்க. விளக்கு தானா ஓடுச்சுன்னு மட்டும் எழுதாதீங்க. விருந்துக்கு வந்தவங்க எல்லாம் என்ன நினைப்பாங்க?"

எவ்வளவு தாழ்த்தியும் அந்தக் கீச்சுக் குரல் மேலே ஜன்னல்வரை ஏறியது; தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் மறைந்தது.

அடுத்த கணம் வீடு உறைந்தது. கூரை அழுக்குப் பச்சை, பால்கனி வெளிறிய மஞ்சள், நடுவே ஒரே ஒரு ஜன்னல் சிவப்பு. கொஞ்ச நேரத்தில் தங்கை வாசலில் வந்து நின்றாள். தோளில் பழைய துணிப்பை. அதிலிருந்து போர்டின் கம்பி ஒன்று எட்டிப் பார்த்தது.

"போர்டு என்னோடது அண்ணா. பட்டை உங்களோடது," என்றாள். "இனிமே நிஜமாவே கையால பண்ணிக்கோங்க."

நீலச் சூட்கேஸைத் தாண்டும்போது காலைக்கூட அகலமாக எடுத்துவைத்தாள், சேற்றைத் தாண்டுவதுபோல. எங்கே போகிறாய் என்று மருமகள் கேட்டாள். அவள் இன்னும் யோசிக்கவில்லை என்றாள்.

"எங்க வீட்டு மாடி அறை காலியா இருக்கு," என்றார் மாமியார். "நாற்காலி பழசு, ஆனா உட்காரலாம். தண்ணியும் வரும்."

வெளிகேட்டில் இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்து நின்றது. மாமியார் நெக்லஸை மருமகளிடம் கொடுத்துவிட்டு, தன் கைப்பையிலிருந்து டைல்ஸ்காரரின் போனை எடுத்து அவரிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் அவசரமாக வாங்கி, இன்ஸ்பெக்டர் இறங்குவதற்குள் அந்தக் கண்றாவி நிறங்களை மாற்றிவிட, விரலால் தட்டினார், இழுத்தார், மறுபடி தட்டினார்.

தெருவில் போன இரண்டு பேர் நின்று, அந்த வீட்டை அண்ணாந்து பார்த்து, என்ன கலர் இது என்று கேட்டுவிட்டு நடந்தார்கள். சுவரில் ஒரு புள்ளிகூட அசையவில்லை.